பேசலாம், பேச வேண்டும்

பிப்ரவரி 4

அன்புள்ள வாலுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நானும் உன் அண்ணனும் சுகம். அவருக்குச் சளி பிடித்து மூன்று நாளாயிற்று. மூக்கு சிவந்துபோய்க் கண்ணாடியையே தாங்க மாட்டேன் என்கிறது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கே இந்தக் கதியா என்று வாடிக்கையாளர்கள் சிரிக்கிறார்களாம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? ஆபீஸில் நாற்காலியை மாற்றிக் கொடுத்தார்களா இல்லையா? முப்பத்தாறு வயது அதிகாரியை இன்னும் வாலு என்று கூப்பிடுகிறேனே என்று கோபிக்காதே. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த அன்று மதில் மேல் உட்கார்ந்து என்னை வரவேற்றவள் நீ. அதையெல்லாம் மறக்க முடியுமா?

போனில் பேசலாமே என்று போன தடவை கேட்டிருந்தாய். பதினோரு வருஷமாகச் சலவை இயந்திரங்களின் சத்தத்தில் கிடக்கிற காது இது. நீ "சாப்பிட்டீங்களா" என்றால் எனக்கு "கூப்பிட்டீங்களா" என்று கேட்கிறது. கடிதம்தான் எனக்குத் தோது.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். எங்கள் சலவைக்கூடத்தில் மறுநாள் காலை வேலையா, மதியம் வேலையா என்பதை முந்தின நாள் சாயங்காலம்தான் வாசலில் ஒட்டுகிறார்கள். இதைப் பற்றிப் பேச எங்கள் சங்கத்திலிருந்து நாலு பேர் மேனேஜரைப் பார்க்கப் போனோம். அவர் மரியாதையாக உட்காரச் சொன்னார். பிறகு அலமாரியிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்து விரல் வைத்துக் காட்டினார்.

"இங்க பாருங்கம்மா. 'நிர்வாகம் சங்கத்துடன் பேசலாம்'னுதான் போட்டிருக்கு. பேசலாம். பேசாமலும் இருக்கலாம். எனக்கு இப்ப பேசாம இருக்கலாம்னு தோணுது."

வெளியே நெட்டை காத்திருந்தாள். என்னோடு சேர்ந்து படுக்கை விரிப்பு மடிப்பவள். அவள் காண்ட்ராக்ட் ஆள் என்பதால் உள்ளேயே விடவில்லை. நடந்ததைச் சொன்னதும், "ஒரே ஒரு 'லாம்' வெச்சு நாலு பேரையும் வெளிய தள்ளிட்டாரா?" என்று கேட்டாள். எங்களுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு.

நீ தொழிலாளர் துறையில்தானே இருக்கிறாய்? தொழிற்சங்கச் சட்டத்தை மாற்றப்போகிறார்கள் என்று பேப்பரில் வந்திருக்கிறது. நிஜமா?

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணி

பிப்ரவரி 19

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வாலு எழுதிக்கொள்வது. நலமாக இருக்கிறேன். நாற்காலி வரவில்லை, நாற்காலி கேட்டு நான் எழுதிய காகிதத்துக்கு ஒரு கோப்பு எண் வந்திருக்கிறது. முதுகுக்குக் கீழே அந்தக் கோப்பையே வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். அண்ணனைக் கொஞ்ச நாளைக்குக் கடையில் தும்மாமல் இருக்கச் சொல்லுங்கள்.

செய்தி நிஜம்தான். வரைவை எல்லாரும் படித்துக் கருத்துச் சொல்லலாம் என்று வெளியிட்டிருக்கிறார்கள். அதைச் சரிபார்க்கும் பிரிவில் எனக்கும் ஒரு மேசை இருக்கிறது. அதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள்.

ஆனால் நான் உங்களிடம் கேட்கலாம் அல்லவா? சும்மா தெரிந்துகொள்ளத்தான். உங்கள் கூடத்தில் மொத்தம் எத்தனை பேர்? அதில் காண்ட்ராக்ட் எத்தனை? அவர்கள் எத்தனை வருஷமாக வருகிறார்கள்? இரண்டு தரப்புக்கும் வேலையில் என்ன வித்தியாசம்? பதிலைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுங்கள்.

அன்புடன்,
வாலு

மார்ச் 8

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதம் வந்தபோது இருவரும் நலமாகவே இருந்தோம், இப்போதும் அப்படியே. அண்ணன் தும்மலை நிறுத்திவிட்டு விக்கலுக்கு மாறியிருக்கிறார்.

பரீட்சைக் கேள்வி மாதிரி கேட்டிருந்தாய். எழுதிக்கொள். கம்பெனிப் பதிவில் எண்பத்து நாலு பேர். காண்ட்ராக்டில் நாற்பத்தொரு பேர். நெட்டை ஏழு வருஷமாக வருகிறாள். பதிவேட்டில் "தற்காலிக உதவி" என்று இருக்கிறதாம். ஏழு வருஷத் தற்காலிகம்!

வேலையில் வித்தியாசம் என்ன என்று கேட்டாயே, அதைத்தான் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, சூடான உருளைக்குள் விட்டு எடுத்து மேசைக்கு அனுப்புவார்கள். ஒரு பக்கம் நான் பிடிப்பேன், எதிர்ப்பக்கம் நெட்டை பிடிப்பாள். நான் குட்டை, அவள் உயரம். அதனால் விரிப்பு எப்போதும் சரிவாகத்தான் நிற்கும். அதற்கு நாலு முனை. என் கையிலுள்ள இரண்டு முனை சங்கத்தில் சேரலாம். அவள் கையிலுள்ள இரண்டு முனை சேரக் கூடாது. விரிப்பு என்னவோ ஒன்றுதான். இதுதான் வித்தியாசம். வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் சங்கத்துக்குப் புதிய செயலாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். கொஞ்சம் குட்டையான பெண். நல்லவள்தான், வாய்தான் நீளம் என்று பேசிக்கொள்கிறார்கள்.

எனக்கு இப்போது வேறு அறையில் வேலை. ஒரு மாறுதல்தானே. வீட்டுக்கு வந்ததும் இரண்டு தடவை குளித்துவிடுகிறேன், வெயில் காலத்துக்கு நல்லதுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு.
அண்ணி

ஏப்ரல் 2

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

நலம். நாற்காலி வந்துவிட்டது! ஒரு கால் குட்டை. கீழே காகிதம் மடித்து வைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒன்று சொல்கிறேன், சிரிப்பீர்கள். வரைவைப் பற்றி இங்கே பெரிய கூட்டம் நடந்தது. சங்கத்துக்கு வாக்களிப்பவர்கள் எண்ணிக்கையில் காண்ட்ராக்ட் ஆட்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று காலையிலிருந்து வாதம். யாரோ ஒரு ஆள் எழுந்து படுக்கை விரிப்பின் நாலு முனையைப் பற்றி ஏதோ சொன்னாராம். முதலில் எல்லாரும் சிரித்தார்களாம். பிறகு சிரிப்பு நின்றதாம். தலைமை அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு, "அதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாராம். யார் அந்த ஆள் என்று எனக்குத் தெரியவில்லை.

புதிய செயலாளரை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். வாய் நீளமாக இருப்பது அந்தப் பதவிக்கு அவசியமான தகுதி.

அது சரி, இரண்டு தடவை எதற்குக் குளிக்கிறீர்கள்?

வாலு

ஏப்ரல் 20

வாலு,

அண்ணன் எழுதுகிறேன். ஆச்சரியப்படாதே, எனக்கும் எழுத வரும். உன் கேள்விக்கு உன் அண்ணி பதில் எழுத மாட்டாள், அதனால் நான் எழுதுகிறேன். இது உனக்குள் இருக்கட்டும்.

அவளை அழுக்குத் துணி பிரிக்கிற அறைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரி மூட்டைகளைப் பிரித்துப் போடும் இடம். ஜன்னல் கிடையாது. வழக்கமாக ஒருவர் ஒரு வாரம்தான் அங்கே இருப்பார். இவளுக்கு ஏழு வாரம் ஆகிறது. அந்தக் குட்டையான செயலாளர் யாரென்று உனக்குப் புரிந்திருக்கும். தேர்ந்தெடுத்த மறுநாளே மாற்றிவிட்டார்கள்.

"விட்டுடேன், உனக்கு எதுக்கு இந்த வம்பு"ன்னு ஒருநாள் கேட்டேன். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, "உங்களுக்கு நாத்தம் அடிக்குதா?"ன்னு கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப கம்முனு இருங்க. எனக்கும் அடிக்கல"ன்னு சொல்லிவிட்டுப் பாடிக்கொண்டே போய்விட்டாள். என்ன செய்வேன் சொல். சமையலை நான் எடுத்துக்கொண்டேன். நேற்று உப்பு போட மறந்துவிட்டேன். அவள் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உன் சட்டம் எப்போது வரும்?

அண்ணன்

ஜூன் 12

என் அருமை வாலுக்கு,

சுகமா? நாங்கள் சுகத்துக்கும் மேலே இருக்கிறோம்!

போன வாரம் ஒருநாள் மதியம், சட்டம் நிறைவேறிய செய்தி ரேடியோவில் வந்தது. சாப்பாட்டு அறையில் ஐம்பது பேர் இருந்தோம். "பாதிக்கு மேற்பட்டவர்கள் ரகசியமாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் சங்கத்துடன் நிர்வாகம் பேச வேண்டும்" என்று படித்தார்கள். பேச வேண்டும்! நெட்டை டிபன் பாக்ஸ் மூடியைத் தட்டிக்கொண்டு, "லாம் போச்சு, லாம் போச்சு" என்று ஆட ஆரம்பித்துவிட்டாள். ஒரே கூரைக்குக் கீழே ஆறு மாதம் வேலை செய்தவர் யாராக இருந்தாலும், சம்பளம் யார் கொடுத்தாலும், வாக்கு உண்டு என்று அடுத்த வரி வந்தது. அவள் ஆட்டத்தை நிறுத்திவிட்டாள். என்னைப் பார்த்து, "எனக்குமா?" என்றாள். "உனக்கும்தான்டி" என்றேன். உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். பிறகு முன்னைவிடப் பலமாக ஆடினாள்.

சங்கத்தில் இருப்பதற்காக யாரையும் இடம் மாற்றித் தண்டிக்கக் கூடாது என்றும் இருக்கிறதாமே? மறுநாள் சூப்பர்வைசரே வந்து, "மேசைக்கு வந்துடுங்கம்மா, அங்க ஆள் போதல" என்று கூப்பிட்டார். நான் இருந்த அறையைப் பற்றி உனக்கு எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது, முடிந்துபோயிற்று.

ஆகஸ்ட் எட்டாம் தேதி வாக்கெடுப்பு. உங்கள் துறையிலிருந்துதான் அதிகாரி வருவார் என்றார்கள். நீ வருவாயா? வந்தால் உன்னை மேடம் என்று கூப்பிடுகிறேன். சத்தியமாகச் சிரிக்க மாட்டேன்.

பூரிப்புடன்,
அண்ணி

ஜூன் 30

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். கடிதம் கிடைத்தது. இனிச் சில வாரங்களுக்கு என்னால் எழுத முடியாது. நீங்களும் பதிலை எதிர்பார்க்க வேண்டாம். காரணம் பிறகு.

உடல்நலம் பேணவும்.

ஜூலை 25

மேன்மை தங்கிய அதிகாரி அவர்களுக்கு,

உன் நாலு வரிக் கடிதம் கிடைத்தது. "உடல்நலம் பேணவும்" என்று எழுதியிருக்கிறாய். மருந்துச் சீட்டா அது? கீழே வாலு என்று கையெழுத்துக்கூட இல்லை. உன் அண்ணன் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "எழுத்து அவளோடதுதான்" என்றார்.

எதிர்பார்க்க வேண்டாம் என்றால் எதிர்பார்க்காமல் இருந்துவிடுவேனா? தினமும் தபால்காரரைப் பார்க்கிறேன். அவரே இப்போதெல்லாம் தெரு முனையிலிருந்தே "இல்லை" என்று கையசைத்துவிட்டுப் போகிறார்.

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? உன் ஆபீஸில் யாராவது, "உங்க அண்ணி சலவைக்கூடத்துல சங்கம் வெச்சு சத்தம் போடுறாங்களாமே" என்று கேட்டார்களா? உனக்குக் கூச்சமாக இருந்ததா? இருந்தால் சொல்லிவிடு. நான் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டேன். மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

இங்கே மேனேஜர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தேநீர் கொடுக்கிறார். பதினோரு வருஷத்தில் அவர் அறையில் தேநீர் இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது. "நாமெல்லாம் ஒரே குடும்பம்தானே" என்றாராம் நெட்டையிடம். "அப்படியா சார், அப்ப சித்தப்பான்னு கூப்பிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். அதோடு தேநீர் நின்றுவிட்டது. இதை நினைத்துச் சிரிக்கும்போதெல்லாம், உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றும். பிறகுதான் ஞாபகம் வரும்.

நலமாக இரு. அது போதும்.
அண்ணி

ஆகஸ்ட் 9

என் தங்கமே,

நேற்று வாக்கெடுப்பு. நூற்று இருபத்தைந்து பேரில் நூற்று இருபத்திரண்டு பேர் போட்டோம். ஒருத்திக்குப் பிரசவம், இரண்டு பேருக்குக் காய்ச்சல். சாப்பாட்டு அறையில் திரை கட்டிப் பெட்டி வைத்திருந்தார்கள். நெட்டை திரைக்குப் பின்னால் போனவள் வெளியே வரவே இல்லை. என்னம்மா என்று அதிகாரி கேட்டதற்கு, "இருங்க சார், முதல் தடவை. மெதுவாப் போடுறேன்" என்று பதில் வந்தது.

சங்கத்துக்கு நூற்று மூன்று. வேண்டாம் என்று பத்தொன்பது. எண்ணி முடித்ததும் எழுந்த கூச்சலில் என் காதுக்கே வலித்தது என்றால் பார்த்துக்கொள்.

எல்லாம் முடிந்து, மேனேஜரும் கையெழுத்துப் போட்டபின், அந்த வழுக்கைத் தலை அதிகாரி என்னிடம் வந்தார்.

"செயலாளர் நீங்கதானே? இப்பதான் சொல்ல முடியும், அதான் காத்திருந்தேன். இந்த ஊர் உங்க நாத்தனாருக்கு ஒதுக்குனதுங்க. 'எங்க அண்ணிதான் அங்க சங்கச் செயலாளர். நான் நடத்தினா, அந்த ஓட்டு செல்லாதுன்னு நாளைக்கே ஒரு வக்கீல் கிளம்புவாரு. என்னை வேற பக்கம் போடுங்க. எண்ணி முடியறவரைக்கும் வீட்டுக்குக் கடிதம்கூட எழுத மாட்டேன்'னு எழுதிக் குடுத்துட்டாங்க. இங்க நடத்துறவங்களுக்குத்தான் துறையில இந்தப் பகுதித் தலைவர் பதவின்னு சொல்லியிருந்தாங்க, வந்திருந்தா அவங்களே ஆகியிருப்பாங்க."

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். போன மாதம் உனக்கு என்னென்ன எழுதினேன் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அடிப்பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருக்கக் கூடாதுதான். எனக்குப் புரிகிறது. ஆனாலும் அடிப்பாவி.

அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. இதை வைத்துக்கொள்.

உன் அண்ணி

ஆகஸ்ட் 9

என் அண்ணிக்கு,

நூற்று மூன்று! ஆபீஸில் முடிவுப் பட்டியல் வந்ததும் நாற்காலியிலிருந்து குதித்தேன். அந்தக் குட்டைக் கால் உடைந்துவிட்டது. மகிழ்ச்சியில் உடைந்தது என்று கோப்பில் எழுதப்போகிறேன்.

நீங்கள் ஜூலையில் எழுதியதைப் பிரிக்கவே இல்லை. உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் எடுத்து இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியைப் பக்கத்து மேசை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். தினமும் அவரிடம் போய், "சாவி பத்திரமா?" என்று கேட்பேன். "பத்திரமா இருக்கு, நீ போய் வேலையப் பாரு" என்பார். இன்று காலை வாங்கிப் படித்தேன். கூச்சமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அண்ணி, ஏப்ரலில் ஒரு பொய் சொன்னேன். கூட்டத்தில் எழுந்து விரிப்பைப் பற்றிப் பேசிய ஆள் நான்தான். பேசவில்லை, படித்தேன். உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே படித்தேன். "யார் எழுதினது இது?" என்று தலைமை அதிகாரி கேட்டார். எங்க அண்ணி என்றேன். அதைச் சொன்னபோது எனக்கிருந்த பெருமையில் முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது. அன்றோடு வலியும் போயிற்று.

என்னை ஓர் அச்சகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே முப்பது பேர், முப்பதும் ஒரே பக்கம். எண்ணும்போது என் மனசு உங்கள் ஊரில் இருந்ததால் இரண்டு தடவை தப்பாக எண்ணினேன். இதை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

உங்கள் வாலு

அக்டோபர் 26

அன்புள்ள வாலுக்கு,

எல்லாரும் நலம். உன் அண்ணன் நன்றாகவே சமைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். கெட்ட காலம், அதைப் பற்றியே பேசுகிறார். புது நாற்காலியில் உட்கார்ந்துதான் இதைப் படிக்கிறாய் என்று நம்புகிறேன்.

பேச்சுவார்த்தை முடிந்து நேற்று ஒப்பந்தத்தில் கையெழுத்தானது. நாலு தடவை உட்கார்ந்தோம். எங்கள் பக்கம் ஐந்து பேர், நெட்டையும் ஒருத்தி. முதல் நாள் அந்த அறைக்குள் நுழையும்போது அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். வந்து உட்கார்ந்து, மேசையை உள்ளங்கையால் ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

மேனேஜர் முதல் ஒரு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார். அவர் வக்கீல்தான் பேசினார். மூன்றாம் நாள் அழுக்குத் துணி அறையைப் பற்றிப் பேச்சு வந்தது. "அங்க என்ன பிரச்சினை?" என்றார் வக்கீல். "வாங்க, காட்டுறோம்" என்றேன். இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனோம். வக்கீல் கைக்குட்டையை எடுத்தார். மேனேஜர் ஐந்து நிமிஷம் நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் கூரையைப் பார்க்கவில்லை. அதன்பிறகு அவரே பேசினார்.

அந்த அறைக்கு இரண்டு ஜன்னலும் மின்விசிறியும் வருகின்றன. யாரும் ஒரு வாரத்துக்கு மேல் அங்கே இருக்க வேண்டியதில்லை. நாற்பத்தொரு பேரும் ஜனவரியிலிருந்து கம்பெனிப் பதிவில். வேலைப் பட்டியல் இரண்டு வாரம் முன்கூட்டியே சுவருக்கு வரும். கூலி உயர்வு மட்டும் நாங்கள் கேட்ட அளவுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் திரும்ப உட்காருவோம் என்று எழுதி வாங்கியிருக்கிறோம்.

கையெழுத்தெல்லாம் போட்டு முடித்தபின் நடந்ததைச் சொல்கிறேன். மேனேஜர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். உண்மையான வருத்தத்தோடுதான் கேட்டார்.

"எல்லாம் நியாயமாத்தான் இருக்கு. இத்தனை வருஷமா இதையெல்லாம் ஏம்மா என்கிட்ட சொல்லல?"

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நெட்டைதான் முதலில் ஆரம்பித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவள் சிரிக்க, நான் சிரிக்க, மற்றவர்களும் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார்கள். குறிப்பெடுக்க வந்த அவருடைய குமாஸ்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. மேனேஜருக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு முகம் சிவந்தது. பிறகு அவரும் சிரித்துவிட்டார், வாலு. பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

இன்று காலை முதல் பட்டியலை ஒட்டினார்கள். கூட்டத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நெட்டைதான் எல்லார் தலைக்கும் மேலே எட்டிப் பார்த்து எனக்குப் படித்துச் சொன்னாள். நவம்பர் எட்டு, ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. எத்தனையோ தடவை வா வா என்று எழுதியிருக்கிறேன். ஆனால் நீ வருகிற அன்று நான் வீட்டில் இருப்பேனா என்று எனக்கே தெரியாததால் எந்தக் கடிதத்திலும் நாள் குறித்ததில்லை. இதில் குறிக்கிறேன். எட்டாம் தேதி காலை முதல் பஸ்ஸுக்கு வா. நிறுத்தத்தில் நானே வந்து நிற்பேன்.

அண்ணி